இருநூற்றுப் பதின்மூன்றாவது படம்

நன்னிலம் கல்யாண மண்டபத்தில் ரிசப்ஷனுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தபோதே பூர்ணிமா லேப்டாப்பை டிவியோடு இணைத்துவிட்டாள். பிளஸ் டூ படிக்கிற பெண். அண்ணன் சதீஷின் கல்யாணத்துக்காக, குடும்பப் படங்களைத் தானாகப் பொறுக்கிப் பெரிய டிவியில் காட்டுகிற சின்ன புரோகிராம் ஒன்றை லேப்டாப்பில் எழுதியிருந்தாள். ஒரு படத்துக்கு ஐந்து வினாடி.

முதலில் எழுதியது சரியாக வரவில்லை. ஒவ்வொரு முறையும் மொத்தப் படங்களிலிருந்து ஏதோ ஒன்றை எடுத்தது. வந்ததே வந்தது. அத்தை அம்சவல்லி மாத்திரை விழுங்குகிற படம் மூன்று தடவை வந்ததும், "ஒன் கம்ப்யூட்டருக்கு என்மேல ஆசைடி" என்று அத்தை சிரித்தாள். பிறகு பூர்ணிமா அதை மாற்றினாள். சீட்டுக்கட்டைக் குலுக்குவதுபோல எல்லாப் படங்களையும் குலுக்கி, ஒரு சுற்றில் ஒவ்வொன்றையும் ஒரே ஒரு தடவை காட்டும்படி.

அதற்கப்புறம்தான் அப்பா பஞ்சநதம் வந்து நின்றார். "அவ மூஞ்சி ஒண்ணுல கூட இருக்கக் கூடாது."

அவள் என்றால் அக்கா ஜெயபாரதி. தனக்குப் பிடித்தவனை ரிஜிஸ்டர் ஆபீஸில் கட்டிக்கொண்டு நாகப்பட்டினம் போய் இரண்டு வருஷம். வீட்டில் யாரும் பெயர் சொல்வதில்லை. ரிசப்ஷனுக்கு மறுநாள் காலையில் தாலி கட்டும்போது அண்ணிக்கு நாத்தனார் முடிச்சு போட வேண்டியவள் அவள்தான். அப்பா அதையும் பூர்ணிமாவுக்கு மாற்றிவிட்டார்.

நாற்பது படம் அழித்தாள். ஒன்றை மட்டும் அழிக்கக் கை வரவில்லை. புயலில் நெல் சாய்ந்த வருஷம் எடுத்தது. அப்பாவும் அக்காவும் சேற்றில் நின்று கதிர்களை நிமிர்த்திக் கட்டுகிறார்கள். அக்கா அப்பா கன்னத்தில் சேறு பூசிவிட்டிருக்கிறாள். அப்பா வாய்விட்டுச் சிரிக்கிறார். மற்ற படங்களிலெல்லாம் பஞ்சாயத்துக்கு வந்தவர்போல நிற்கிறவர்.

அக்காவுக்கு ரகசியமாகப் போன் செய்தாள். "ஒண்ணே ஒண்ணு வெச்சிருக்கேன்க்கா. பயமா இருக்கு."

"பைத்தியமே, அப்பா ஒன்னை உரிச்சிருவாரு. எடுத்துடு."

எடுக்க வேண்டாம், பழைய புரோகிராமுக்கே திரும்பிவிடலாம் என்றும் தோன்றியது. வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். பழி கம்ப்யூட்டர்மேல். அந்த யோசனை வந்ததற்கே அவளுக்கு வெட்கமாகிவிட்டது. குலுக்குகிற புரோகிராமையே விட்டாள். இருநூற்றுப் பதின்மூன்று படம். நிச்சயம் வரும்.

வந்தது. மாப்பிள்ளை பொண்ணுக்குப் பக்கத்தில் மொய்க் கவரோடு ஆட்கள் வரிசையில் நிற்கையில் வந்தது.

"அட, நம்ம ஜெயபாரதி!" என்றாள் அத்தை, மண்டபத்துக்கே கேட்கும்படி.

அப்பா மேடையை விட்டு இறங்கினார். பின்னாலேயே கோட்டுப் போட்ட சதீஷும் ஓடிவந்தான்.

"என்னா பூர்ணி இது? கம்ப்யூட்டரு தானா எடுத்துக்கிச்சா?" கோபத்திலும் அப்பா அவளுக்கு ஒரு வழி விட்டார்.

"ஆமான்னு சொல்லித் தொலை" என்று சதீஷ் காதில் கிசுகிசுத்தான்.

அவள் அண்ணனை விலக்கிவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

"இல்லப்பா. நான்தான் வெச்சேன்."

"எடு அதை."

"மாட்டேன். நாளைக்குக் காலையில முடிச்சும் நான் போட மாட்டேன். அது அக்கா போட வேண்டியது."

"சபையில என்னை அசிங்கப்படுத்துறியா?"

"அந்தப் படத்துல நீங்க சிரிக்கிறீங்கப்பா. அதுல என்ன அசிங்கம்?"

அவர் குனிந்து டிவியின் பிளக்கை உருவினார். பெரிய திரை கறுத்தது. லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பூர்ணிமா இரண்டு கையாலும் அதைத் தூக்கி, திரை ஜனங்களைப் பார்க்கும்படி மேஜை ஓரத்தில் வைத்தாள்.

"ஒரு சுத்துக்குப் பதினெட்டு நிமிஷம்ப்பா. அடுத்த சுத்துல மறுபடி வருவா."

அப்பா ஒயரும் கையுமாக நின்றார். அத்தை ஒரு நாற்காலியை இழுத்து லேப்டாப்புக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"பஞ்சு, கொஞ்சம் தள்ளு. மறைக்குது."