ஆயுதபூசை எண்ணெய்

தேங்காய் எண்ணெய்தான். வேறெதுவும் இப்படி மணக்காது. தலைக்குத் தேய்ப்பதை எடுத்தாளா, சாமி விளக்குக்கு வைத்திருந்ததையா? மரத்துக்குள் ஊறிப் போயிருக்கிறது. எவ்வளவு ஆசையாகப் போட்டிருக்கிறாள், பாவி.

புஷ்பவல்லி கிதாரின் தலைப்பலகையை மூக்கிலிருந்து விலக்கினாள். எதிரே முக்காலியில் நாகையா தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தான். அவள் கணவன். கிள்ளானில் நாடகக் கம்பெனியோடும் அதில் நடிக்கும் இராஜம்மாவோடும் இருக்கிறான். புஷ்பவல்லி பிரிக்ஃபீல்ட்சில், அண்ணனின் ரயில்வே குவாட்டர்சில், பின்னறையில் இருக்கிறாள். கிதார் நரம்பு அறுந்தாலோ தொங்கிப்போனாலோ மட்டும் அவன் ரயிலேறி வருவான்.

இன்று இராஜம்மாவையும் கூட்டி வந்திருந்தான். அவள் நிலைப்படியைத் தாண்டாமல் நின்றாள்.

"ஆயுதபூசைக்குத் துடைச்சு, பொட்டு வச்சு, எண்ணெய் போட்டேன்க்கா. தையல் மெஷினுக்குப் போடறதில்லையா? முறுக்குறப்பல்லாம் கிரீச்சு கிரீச்சுன்னு கத்துச்சு. பாவமா இருந்துச்சு."

"நல்லாப் பாவம் பார்த்தே! மேடையில ஒருத்தி புருசன் செத்து அழுவுறா, இங்க சுருதி தொங்கிப் போவுது. சனம் சிரிக்குது," என்றான் நாகையா.

"உங்க மூஞ்சியப் பார்த்துச் சிரிச்சாங்க லா."

புஷ்பவல்லிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததே என்று பயந்து குனிந்துகொண்டாள்.

கப்பல் பாண்டு வாத்தியக் குழுவில் வாசித்த மணிலாக்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது நாகையாவிடம் விட்டுப்போன கிதார் அது. ஸ்பெயினில் ஃபிளமெங்கோ வாசிப்பவர்கள் வைத்திருப்பது. இரும்புச் சாவி கிடையாது. வீணைக்கு இருப்பதுபோல நரம்பை முறுக்கும் மரப் பிரடைகள். மரத்தை மரம் கவ்விப் பிடித்தால்தான் சுருதி நிற்கும். அது கைக்கு வந்த அன்று நாகையா பொறுமையில்லாமல் திருகி நரம்பை அறுத்தான். மணிலாக்காரர் தலையில் அடித்துக்கொண்டு, பக்கத்தில் காப்பியோடு நின்ற அவள் கையில் பிரடையை வைத்தார். கல்யாணமான புதிது. அவள் கைக்கு அது உடனே அடங்கிவிட்டது.

இப்போது அவள் பிரடைகளை உருவி, ஸ்டவ்வுக்கு வைத்திருந்த ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்துத் துடைத்தாள். துளைகளுக்குள்ளும் துணியைத் திரித்து விட்டு எடுத்தாள். வழுக்காமல் பிடிக்க சாக்குக்கட்டியைத் தேய்த்தாள். ஆட்டுக்குடல் நரம்பைக் கீழே முடிந்து, மறுமுனையைப் பிரடையில் கோத்து, பின்னாலிருந்து உள்ளே அழுத்திக்கொண்டே திருகினாள். பிரடை முனகியது. நின்றது.

ஈரக் காற்றில் இந்த நரம்பு தாங்காது. அதனால் மழை பிடித்துக்கொண்டால் அண்ணி துணி காயவில்லை என்று புலம்ப, இவள் கிள்ளானிலும் பெய்யும், நரம்பு அறுந்துபோகும் என்று நினைத்துக்கொண்டிருப்பாள். வெட்கமில்லாத நினைப்பு. அதை வைத்துத்தான் இத்தனை நாள் ஓடியது.

"அடுத்த வாரம் ரங்கூனுக்குக் கப்பல். கம்பெனி மொத்தமாப் போவுது," என்றான் நாகையா.

"எப்போ திரும்புவீங்க?"

அவன் தொப்பிக்குள் பார்த்தான். "போனாத்தான் தெரியும். அங்க இதைப் பார்க்க யாரு இருக்கா? சூசாவாப் போயிடும், பெரிய தொல்லை. இவளுக்கு ஒருதடவை கையைப் பிடிச்சுச் சொல்லிக்குடுத்துடு புஷ்பம். உனக்குப் புண்ணியமாப் போவும்."

இராஜம்மா உள்ளே வந்து பாயில் உட்கார்ந்து வளையல்களை மேலே ஏற்றிக்கொண்டாள். "நான் சட்டுன்னு பிடிச்சுக்குவேன்க்கா."

பிடித்துக்கொள்வாள். நல்ல விரல்கள். தப்பாகச் சொல்லிக்கொடுத்தால்? வழுக்கிவிடும் சோப்பை மட்டும் தேய்க்கச் சொன்னால்? ரங்கூன் மேடையில் மறுபடியும் சனம் சிரிக்கும். அதற்காக யாரும் கடல் தாண்டித் திரும்பி வரப்போவதில்லை. சொன்னாலும் போவான், சொல்லாவிட்டாலும் போவான். அது அவளுக்குத் தெளிவாகவே தெரிந்தது. பிறகு எதற்கு இந்தக் கை மூடிக்கொள்கிறது? அவனோடு வாழ்ந்த வாழ்க்கையில் அவள் கையில் வைக்கப்பட்டது இது ஒன்றுதான். வேறு ஏதாவது உண்டா என்று தேடிப் பார்த்தாள். குழந்தை இல்லை. சண்டைகூடப் போட்டதில்லை. இதையும் கொடுத்துவிட்டால், நாளை பெய்வது வெறும் மழை. கொடுக்காவிட்டாலும் அப்படித்தான்.

கடைசி நரம்பையும் ஏற்றி, மீட்டிப் பார்த்து, கிதாரை நாகையாவின் மடியில் வைத்தாள். இராஜம்மா சாக்குக்கட்டிக்குக் கை நீட்டினாள். புஷ்பவல்லி அதை எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"கட்டிட்டேன். கொஞ்ச நாள் தாங்கும்."

"அதுக்கப்புறம்?" என்றான் நாகையா.

முன்னறையில் அண்ணன் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அது விழித்துக்கொள்ளாத குரலில் சொன்னாள்.

"சொல்லித்தர மாட்டேங்க."