எதிர்காலக் கார்

டெட்ராய்ட் கார் ஆலையில் இருபத்திரண்டு வருஷமாகக் கதவு மாட்டுகிறவள் வாண்டா. போன வாரம்தான் அவள் பிரிவில் பாதிப் பேரை வேலையை விட்டுத் தூக்கியிருந்தார்கள். இன்றைக்கு, தலைமை அதிகாரி அறிமுகப்படுத்தப்போகும் 'எதிர்காலக் கார்' ஒன்றை மேடைக்குத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார்கள்.

"ஓட்டிட்டுப் போக வேண்டியதுதானே?" என்றாள்.

"உள்ள இன்ஜினே இல்லக்கா, வெறும் கூடு," என்றான் கூடத் தள்ளிய லீராய். "மேல பளபளன்னு பெயின்ட் அடிச்சு வச்சிருக்கானுங்க."

வாண்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மேடையேறிய அதிகாரி காரைத் தட்டிக்கொடுத்தார். "நம்ம எல்லாரையும் கரை சேர்க்கப்போறது இதுதான்! அதுவரைக்கும் சம்பளத்துல கொஞ்சம் விட்டுக்குடுங்க."

"அப்ப ஏறி ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க சார்!" என்று கத்தினாள் வாண்டா. "எங்க வயித்துல அடிச்சுட்டு யாருக்குக் காது குத்துறீங்க?"

"ஏறு! ஏறு!" என்று கூட்டமே கூச்சல் போட்டது. அதிகாரி அசட்டுச் சிரிப்போடு கதவில் கை வைத்தார். விரல் வழுக்கியது. மறுபடியும் தடவிப் பார்த்தார். கதவும் கைப்பிடியும் பெயின்ட்டில் வரைந்தவை.

"கதவு மாட்ட ஆள் இல்ல சார்," என்றாள் வாண்டா. "போன வாரம்தானே வீட்டுக்கு அனுப்புனீங்க!"