நான்காவது விடை

வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை உருவும்போதுதான் சோபாக்காரருக்கு அந்த வலி மறுபடியும் வந்தது. நெஞ்சுக்கு நடுவில் யாரோ முழங்கையை ஊன்றி அழுத்துவதுபோல் ஒரு பாரம். அது இடது தோள்பட்டைக்கு ஏறி, தாடை வரைக்கும் போய் அங்கேயே நின்றது. முந்தின நாள் ஒரு பெரிய சோபாவை மாடிக்கு ஏற்றியபோதும் இதே வலிதான். கொஞ்ச நேரம் படியில் உட்கார்ந்ததும் போய்விட்டது, தசைப்பிடிப்பு என்று விட்டுவிட்டார். இன்றைக்கு அவர் எதையும் தூக்கவில்லை. தூக்கினது ஒரு சாவியைத்தான்.

அவருடைய மனைவி நாலு படி கீழே நின்றாள். கையில் பிளாஸ்டிக் உறை, அதற்குள் தேர்வுக்கான அனுமதிச் சீட்டும் அடையாள அட்டையும். உள்ளங்கையைக் கைக்குட்டையில் துடைத்தாள், மறுநிமிடம் மறுபடியும் துடைத்தாள். பூட்டியாயிற்றா என்று கேட்டாள். அவர் பூட்டை இரண்டு தடவை இழுத்துக் காட்டினார். வலியில் வாய் திறக்க முடியாமல்தான் அவர் பேசவில்லை என்று அவளுக்குத் தோன்றவில்லை. அவர் பேசாமல் இருப்பது ஊருக்கே பழகின விஷயம். கிழிந்த சோபாக்களைப் பிரித்து, பஞ்சு மாற்றி, புதுத்துணி போர்த்தித் தருகிறவர். நாள் முழுக்க உதட்டுக்கு நடுவில் சின்ன ஆணிகளை வரிசையாகக் கவ்விக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்து மரச்சட்டத்தில் அடிக்கிற வேலை. ஆணி இருக்கிற வாயில் பேச்சு எங்கிருந்து வரும்?

நர்ஸ் லைசென்ஸ் தேர்வு. மூன்று தடவைதான் எழுதலாம், இரண்டு போய்விட்டது. இதுவும் போனால் படிப்பையே முதலிலிருந்து படிக்க வேண்டும். நாற்பதைத் தாண்டினவள், வேலைக்கும் போய்க்கொண்டு அதெல்லாம் நடக்கிற காரியமா? ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளாக இருக்கிறாள். படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் புரட்டிப் போடலாம், குளிப்பாட்டலாம், ஊட்டலாம். ஊசியைத் தொடக் கூடாது. கல்யாணத்துக்கு முன்பே நர்ஸ் படிப்பை முடித்தவள்தான். தேர்வு எழுதுகிற சமயத்தில் மகள் வயிற்றில் வந்தாள், அப்புறம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏதாவது வந்துகொண்டே இருந்தது.

பாடம் தெரியாமல் தோற்கவில்லை. தேர்வு அறைக்குள் போனால் அவளுக்குக் கை வியர்க்கும், கை வியர்த்ததும் மூளை காலியாகிவிடும். "படிச்சதை எல்லாம் வாசல்லயே செருப்போட சேத்துக் கழட்டி வெச்சிட்டுப் போயிடறேன்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். சிரித்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள்.

முதல் தடவை தோற்றதற்கு அவர் காரணம் இல்லை. இரண்டாவது தடவைக்குத் தானே காரணம் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. அன்றைக்கு மகளுக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. மருந்து எத்தனை மில்லி கொடுப்பது என்று தெரியாமல் கை கால் ஓடாமல், தேர்வுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தவளுக்கு போன் போட்டுவிட்டார். அவள் அளவைச் சரியாகச் சொன்னாள். நெற்றியில் ஈரத்துணி போடச் சொன்னாள். போனை வைத்துவிட்டு உள்ளே போனாள், தோற்றாள். அந்த போனைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லித் திட்டியிருந்தால் அவர் எப்போதோ மறந்திருப்பார்.

அதனால் இந்தத் தடவை வீட்டின் அமைதிக்கு அவர் தன்னைத்தானே காவலாக நியமித்துக்கொண்டார். பாதி மார்க் படிப்புக்கு, பாதி மார்க் பதறாமல் இருப்பதற்கு என்று பயிற்சி வகுப்பு டீச்சர் சொல்லியிருந்தாள். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவர் மனைவி இல்லை, கணவர்தான். டிவிக்குத் துணி போர்த்தினார். மகளைத் தன் தங்கை வீட்டுக்கு அனுப்பினார். மகள் கணக்கில் வாங்கின முட்டை மார்க், குளியலறைச் சுவரின் விரிசல், மாடி வீட்டுக்காரரோடு நடந்த வாய்த்தகராறு, எதைப் பற்றியும் மூச்சு விடவில்லை. கெட்ட சேதி எல்லாம் தேர்வு முடியும்வரை வாசலுக்கு வெளியே நிற்கட்டும் என்பது அவருடைய சட்டம்.

இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. மாதிரிக் கேள்விப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தினமும் சாயங்காலம் அவர் கேள்வி கேட்பார், அவள் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்வாள். மருந்துப் பெயர்களை அவர் எழுத்துக் கூட்டிப் படிக்கிற அழகுக்கே அவள் பாதி நாள் விழுந்து விழுந்து சிரித்தாள். வீட்டில் ரெண்டு பேர் படிக்கிறோம், ஒருத்தர்தான் பரீட்சை எழுதுறோம் என்று அவர் கடையில் பெருமையடித்துக்கொண்டார்.

பஸ்ஸில் இருவர் இருக்கை கிடைத்தது. அவள் ஜன்னலோரம். முன்னால் அவளைப் போலவே பிளாஸ்டிக் உறையோடு நாலைந்து பெண்கள், எல்லோரும் சின்ன வயது. அவள் கண்ணை மூடி, டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி மூச்சை மெதுவாக இழுத்தாள், கொஞ்ச நேரம் நிறுத்தினாள், மெதுவாக விட்டாள். அவள் இழுக்கும்போது அவரும் இழுத்தார். வலி குறையவில்லை. முதுகில் சட்டை நனைந்து இருக்கையோடு ஒட்டிக்கொண்டது.

கேள்வி கேட்கச் சொன்னாள். அவர் புத்தகத்தைப் பிரித்துக் கேட்டார். சர்க்கரை குறைந்து மயங்கியவர், ரத்தம் ஏற்றும்போது நடுங்குகிறவர், விழுந்து இடுப்பு ஒடிந்த மூதாட்டி. ஒவ்வொன்றுக்கும் நாலு விடைகள். அவள் தடுமாறவே இல்லை. அவர் கண்ணுக்குத்தான் எழுத்து கலங்கியது. பல் எல்லாம் சேர்ந்து வலித்தது. பத்துப் பக்கம் தள்ளி, ஓரம் மடித்த பக்கத்தில் இந்த வலியைப் பற்றிய கேள்வி இருந்தது அவருக்கு நினைவிருந்தது. தாடை வலி, வியர்வை, வாயுத்தொல்லை என்று சொல்லிக்கொள்ளும் நடுவயது ஆள். ஆனால் அந்த ஆள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தான், பக்கத்தில் மெஷின் இருந்தது, மருந்து இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவன் என்ன செய்ய வேண்டும் என்று புத்தகத்தில் போடவில்லை.

அவருக்குப் பயமாக இருந்தது. சாவதைப் பற்றிக்கூட அப்புறம்தான். இந்தப் பஸ்ஸில் இவள் பக்கத்தில் சரிந்து விழுந்து, மூன்றாவது தடவையும் தானே கெடுத்துவிடுவோமோ என்பதுதான் முதல் பயம். இவளை உள்ளே அனுப்பிவிட்டால் போதும். தேர்வு நடக்கிற கட்டடத்து வாசலில் ஒரு பெஞ்சு உண்டு என்று போன தடவை இவள் சொல்லியிருக்கிறாள். தேர்வு முடிகிறவரை அதில் உட்கார்ந்துவிடலாம். நேற்று உட்கார்ந்ததும் வலி போகவில்லையா? உட்காரலாமா கூடாதா என்று மட்டும் தெரிந்தால் நன்றாயிருக்கும். தெரிந்தவள் பக்கத்திலேயே கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறாள்.

அவர் ஒரு பக்கத்தைப் புரட்டினார். புத்தகத்தைப் பார்த்துப் படிப்பதுபோலவே, புத்தகத்து நடையிலேயே, திக்கித் திக்கி ஆரம்பித்தார்.

"ஐம்பது வயதுள்ள ஆண். வெளியில் போய்க்கொண்டிருக்கும்போது நெஞ்சில் பாரமும் தாடையில் வலியும் உண்டாகின்றன. வியர்க்கிறது. பக்கத்தில் மருத்துவ வசதி இல்லை. அவர் செய்ய வேண்டியது என்ன? ஒன்று, தண்ணீர் குடித்துவிட்டு நடக்கலாம். இரண்டு, கையை நீவிவிடலாம். மூன்று, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்."

நான்காவதுக்கு அவர் கொஞ்சம் மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

"நான்கு, கூட வந்தவருக்கு முக்கியமான வேலை இருந்தால், அது முடியும்வரை ஒரு இடத்தில் அமைதியாக உட்கார்ந்திருக்கலாம்."

"மூணு" என்றாள், கண்ணைத் திறக்காமலே. "இதெல்லாம் ஒரு கேள்வியா? காத்திருக்கலாம்னு வர்ற விடை நெஞ்சுவலிக்கு எப்பவுமே தப்புங்க. காத்திருக்கற ஒவ்வொரு நிமிஷமும்..."

பஸ் ஒரு திருப்பத்தில் சாய்ந்து நிமிர்ந்தது. சொல்ல வந்ததை அவள் முடிக்கவில்லை.

"இப்படி ஒரு கேள்வி அந்தப் புக்குல இல்லையே" என்றாள்.

கண்ணைத் திறந்தாள். முதலில் புத்தகத்தைப் பார்த்தாள். அது அவர் மடியில் மூடிக் கிடந்தது. அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தாள். முதியோர் இல்லத்தில் படுக்கை படுக்கையாகக் குனிந்து பார்க்கிற பார்வை அது. அதை அவர் அதுவரை பார்த்ததில்லை.

"எப்பலேருந்து?"

"ஒண்ணுமில்ல. கேஸா இருக்கும்."

"எப்பலேருந்துன்னு கேட்டேன்."

"வீட்டப் பூட்டறப்பலேருந்து" என்றார். "நீ எழுதிட்டு வந்துடு. நான் பெஞ்சுல உக்காந்திருக்கேன். உனக்கு இது ஒண்ணுதாம்மா மிச்சம்."

அவள் பதறவில்லை. பிளாஸ்டிக் உறையை இருக்கையில் வைத்துவிட்டு அவருடைய இடது கையைத் திருப்பி, கட்டியிருந்த கடிகாரம் தனக்குத் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டு, மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்தாள். அவள் கண் விநாடி முள்ளோடு நகர்ந்தது. இத்தனை நாளாக டிவியை மூடி, மகளை அனுப்பி, வாயைப் பொத்திக்கொண்டு அவர் இந்த வீட்டுக்குள் கொண்டுவரப் பாடுபட்ட அமைதி இப்போது அவள் முகத்தில் முழுசாக வந்து உட்கார்ந்திருந்தது. இது வாயு இல்லை என்று அதைப் பார்த்துத்தான் அவருக்குத் தெரிந்தது.

பஸ் நின்றது. தேர்வுக் கட்டடத்தின் பெரிய கேட் ஜன்னலுக்கு நேராகத் தெரிந்தது, உள்ளே வரிசை நகர ஆரம்பித்திருந்தது. முன்னால் இருந்த பெண்கள் எழுந்து, ஒருவருக்கொருவர் நல்லபடியா எழுது என்று சொல்லிக்கொண்டே இறங்கினார்கள். வேறு யாராவது இறங்க வேண்டுமா என்று டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

"இறங்கு" என்றார் சோபாக்காரர்.

"பேசாதீங்க. எண்ணிட்டிருக்கேன்."

கதவு இன்னும் திறந்தேதான் இருந்தது. வெளிக்காற்று உள்ளே வந்தது. அவர் மணிக்கட்டு வியர்வையில் நனைந்து வழுக்கியது. அதன்மேல் அழுந்தியிருந்த அவளுடைய விரல்கள், எந்தத் தேர்வு நாளிலும் இல்லாதபடி, உலர்ந்திருந்தன.