யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?

இலோயிலோ நகர மீன் சந்தையில் வார நாளெல்லாம் கூடை சுமந்துவிட்டு, சனிக்கிழமையானால் கல்லூரிக்கு ஓடுவாள் ரொசெண்டா. மீன் விற்கும் பெண்கள் சங்கத்துக்கு ஒன்பது வருடமாகத் தலைவி. ஐம்பது வயதில் 'அமைப்புத் தலைமையும் சமூக மாற்றமும்' என்று முதுகலை படிக்க யாருக்கு மனசு வரும்? இவளுக்கு வந்தது. பட்டத்துக்குப் பாக்கி ஒன்றுதான்: சொந்தச் சங்கத்தில் ஒரு மாற்றத்தை நடத்திக் காட்டவேண்டும். போட்டியுள்ள தேர்தல் நடத்துகிறேன் என்று பேராசிரியையிடம் வாக்குக் கொடுத்திருந்தாள்.

கொடுத்துவிட்டாள், சரி. எங்கள் ஊர்ப் பழக்கம் விடுமா? ஒருத்தி ஒரு பெயரைச் சொல்வாள். இன்னொருத்தி உடனே "இதோட பட்டியலை மூடிரலாம்" என்பாள். கைதட்டல், சாப்பாடு, தேர்தல் முடிந்தது.

அன்றும் அதே கதை. கடைசி வரிசையில் பேராசிரியை வேறு உட்கார்ந்திருந்தார்.

"ரொசெண்டா அக்காதான்!"

"மூடிரலாம், நூடுல்ஸ் ஆறுது!"

"யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?" என்று கேட்டாள் ரொசெண்டா.

கருவாடு விற்கும் நெனிதாவின் கை தோள் வரை எழுந்து, சட்டென்று இறங்கியது. வேறு யாரும் கவனிக்கவில்லை. ரொசெண்டாவும் கவனிக்காத மாதிரி இருந்துவிடலாம். அந்தத் தலைவி பதவி அவளுக்கு உயிர். ஆனாலும் கேட்டாள்.

"நெனிதா, கையைத் தூக்கினியே?"

"ஈ ஓட்டினேன்க்கா."

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"ஓட்டியாச்சுல்ல, இப்ப சொல்லு. நீ வாயைத் திறக்காம இங்க யாருக்கும் சாப்பாடு கிடையாது."

நெனிதா எழுந்தாள். "ஆட்சேபணை இருக்குக்கா. நகராட்சிக்காரங்ககிட்ட எப்பவும் நீங்களே பேசிடுறீங்க. எங்களுக்கும் வாய் இருக்குன்றதே மறந்துபோச்சு. நானும் நிக்கிறேன்."

கைகளை எண்ணினார்கள். நெனிதா ஜெயித்தாள்.

பேராசிரியை எழுந்து நின்று கைதட்டினார். பட்டம் உறுதி. ஆனாலும் ரொசெண்டாவுக்கு வலித்தது, நன்றாகவே வலித்தது. பெருமையாகவும் இருந்தது. மைக்கை நெனிதாவிடம் கொடுத்துவிட்டு மேடையை விட்டு இறங்கியவளுக்கு எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. இத்தனை வருடத்தில் அவள் அந்த பெஞ்சுகளில் உட்கார்ந்ததே இல்லை.

முன்வரிசைப் பெண்கள் நெருக்கியடித்து இடம் விட்டார்கள்.

"உட்காருங்கக்கா, கூட்டம் இன்னும் முடியல" என்றாள் புதுத் தலைவி.

ரொசெண்டா உட்கார்ந்தாள். நெனிதா தட்டுத்தடுமாறிப் பேசினாள். நடுவில் எடுத்துக்கொடுக்க ரொசெண்டாவின் நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, கடைசி வரை கேட்டாள்.