சராசரி ஐந்து டிகிரி

மருந்து விநியோக நிறுவனத்தின் ரிப்போர்ட் பிரிவில் இருந்த அவளுக்கு அலுவலகம் வைத்த பெயர் 'கட்டம் அக்கா'. எக்செல் கட்டங்களில் கணக்கு ஒத்துவரும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டாள் என்பதால் வந்த பெயர். முதலில் கோபப்பட்டாள். பிறகு அவளுக்கே அது பிடித்துப்போய்விட்டது.

மேலாளர் இரண்டு சாஃப்ட்வேர்களை அவள் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தார். இரண்டையும் சோதனைக்கு இலவசமாகத் தந்திருந்தார்கள். எதை வாங்குவது என்று அவள்தான் சொல்ல வேண்டும். ஒன்று அறிக்கை போடுவது. எதைக் கேட்டாலும் பக்கம் பக்கமாக அட்டவணையாகத் துப்பும். மற்றது படம் போடுவது. அதே எண்களைக் கோடாகவும் பட்டையாகவும் வரைபடமாகவும் காட்டும். இரண்டாவதை விற்க வந்தவர், "டேட்டாவே உங்ககிட்ட பேசும் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"ஏற்கெனவே இங்க பேசுறவங்க போதும்" என்று முணுமுணுத்துக்கொண்டாள்.

விற்பனைக் கணக்கை இரண்டிலும் ஏற்றிப் பார்த்தாள். அட்டவணைதான் ஜெயித்தது, கணக்குப் பிரிவுக்கு அதுவே போதும். கையிருப்புக் கணக்கில் படம் கொஞ்சம் முந்தியது. எந்தக் கிடங்கில் எது தேங்கிக் கிடக்கிறது என்று ஒரே பார்வையில் தெரிந்தது. இன்னும் ஒன்று பார்த்துவிட்டு மதிப்பெண் போட்டுவிடலாம் என்று குளிர் அறையின் வெப்பநிலைப் பதிவை எடுத்தாள்.

குளிர் அறை அவளுடைய தம்பியின் ராஜ்ஜியம். அவன்தான் அங்கே சூப்பர்வைசர். குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசி மருந்துகள் அங்கே இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவில் இருக்க வேண்டும். உள்ளே மாட்டியிருக்கும் கருவி ஓயாமல் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டே இருக்கும். மாதா மாதம் மேலே போகும் அறிக்கையில் நாளுக்கு ஒரு சராசரி மட்டும் வரும். அவள் வேலைக்குச் சேருவதற்கு முன்பே வந்த வழக்கம் அது.

முதல் சாஃப்ட்வேர் அதே அறிக்கையை அழகாகப் போட்டுத் தந்தது. ஐந்து, ஐந்து, நாலரை, ஐந்து. எல்லாவற்றுக்கும் எதிரே பச்சை நிறத்தில் 'சரி'.

இரண்டாவதில் பதிவு முழுவதையும் ஏற்றிப் பொத்தானை அழுத்தினாள்.

திரையில் ஒரு கோடு ஓடியது. பாதித் தூரம்வரை சாதுவாக, மேசை விளிம்பு மாதிரி நேராகப் போனது. அதற்கப்புறம் ரம்பத்தின் பல் மாதிரி ஏறி இறங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு நாளும் பிற்பகலில் பதினான்குக்கு ஏறுகிறது. சாயங்காலம் பூஜ்யத்துக்குக் கீழே விழுகிறது. விடிவதற்குள் நல்ல பிள்ளையாக ஐந்துக்கு வந்து நிற்கிறது.

சாஃப்ட்வேர்தான் குளறுபடி செய்கிறது என்று நினைத்தாள். முதலாவதைத் திறந்து, சராசரியை எடுத்துவிட்டு, பதிவான எண்களை அப்படியே கேட்டாள். நீளமான பட்டியல் வந்தது. விரலை வைத்துக் கீழே போனாள். பதினான்கு. மைனஸ் மூன்று. அதுவும் அதையேதான் சொன்னது. யாரும் இதுவரை கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஏறின வெயிலையும் விழுந்த பனியையும் கூட்டி வகுத்தால் ஐந்து.

உறைந்த தடுப்பூசி வெறும் தண்ணீர்தான் என்பது அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். தம்பிக்குப் போன் போட்டாள்.

"டேய், உடனே மேல வா."

"லாரி லோடு ஆகிட்டிருக்குக்கா. அப்புறமா—"

"லாரிய நிறுத்திட்டு வா!"

அக்கா கத்தி அவன் கேட்டதே இல்லை. மூச்சிரைக்க வந்து நின்றான். திரையைப் பார்த்தான்.

"இது எந்த ரூமு?"

"உன் ரூமுதான்."

"சும்மா இருக்கா. காலைல வந்ததும் பாக்கறேன், சாப்பாட்டுக்கு முன்னாடி பாக்கறேன். கதவுல அஞ்சுன்னுதான் காட்டுது. என் கண்ணாலயே பாக்கறேன்."

"நீ பாக்குற நேரமெல்லாம் அஞ்சுதான்டா. லோடு ஏத்தக் கதவத் தொறந்து போடுறீங்க, சூடு ஏறுது. அப்புறம் மெஷின் நிக்காம ஓடி உறைய வச்சிடுது. நீ அதுக்குள்ள வீட்டுக்குப் போயிடுற." கோடு முதன்முதலாகக் கிறுக்குப் பிடித்த இடத்தில் விரலை வைத்தாள். "இந்த நாள் என்ன நடந்துச்சு?"

அவன் தேதியைப் பார்த்தான். முகம் வெளுத்தது.

"மெஷின் ரிப்பேர் பண்ணாங்க. ஏதோ பார்ட்ட மாத்துனாங்க."

மேலாளர் வந்து பார்த்துவிட்டு, "விக்கறவன் பண்ற பயமுறுத்தல் வேலம்மா இது. சாஃப்ட்வேர் வாங்க வைக்கறதுக்கு என்ன வேணா காட்டுவான்" என்றார். அவள் முதல் சாஃப்ட்வேரின் பட்டியலை அவர் பக்கம் திருப்பினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்புறம் தரப் பிரிவு மருந்தாளரைக் கூப்பிட்டார்.

மருந்தாளர் வளவளவென்று பேசுகிறவர் இல்லை. தயாரிப்பாளரிடமிருந்து அன்று காலை பெட்டியில் வந்திறங்கிய குப்பி ஒன்று, குளிர் அறையில் இருந்த அதே மருந்தின் குப்பி ஒன்று. இரண்டையும் நன்றாகக் குலுக்கி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நாலு பேரும் குனிந்து பார்த்தார்கள்.

புதிய குப்பி நீர்த்த பால் மாதிரி அப்படியே கலங்கி நின்றது. மற்றதில் வெள்ளைத் துகள்கள் திரண்டு, மெல்ல இறங்கி, அடியில் படிந்தன. மேலே தெளிந்த நீர்.

"உறைஞ்சிருக்கு" என்றார் மருந்தாளர்.

மேலாளர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். தம்பி விருட்டென்று வெளியே ஓடினான். ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கிளம்பிக்கொண்டிருந்த லாரியின் முன்னால் போய் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றான். டிரைவர் தலையை வெளியே நீட்டித் திட்டினார். இவன் நகரவில்லை.

பெட்டிகளை இறக்க வைத்துவிட்டுத் திரும்பி வந்தவன் அறை வாசலிலேயே நின்றான்.

"அக்கா. பாப்பாவுக்குப் போட்டது?"

அவளுக்குத் திக்கென்றது. எத்தனையோ வீட்டுக் குழந்தைகளை நினைத்தவளுக்கு, போன வாரம் மடியில் வைத்துக் கொஞ்சிய தம்பி மகள் ஞாபகத்துக்கு வரவில்லை. தெருமுனை கிளினிக்குக்கு மருந்து போவது இங்கிருந்துதான். 'நம்ம கம்பெனி மருந்து, பயப்படாத' என்று தம்பி தன் மனைவியிடம் பெருமையாகச் சொல்லித்தான் ஊசி போட வைத்திருந்தான்.

அவன் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கெடுதல் ஒண்ணும் பண்ணாது இல்ல?" என்று மருந்தாளரிடம் கேட்டான்.

"பெரும்பாலும் பண்ணாது. ஆனா காப்பாத்தவும் செய்யாது. திரும்பப் போட்டாகணும். எல்லாருக்கும்."

அன்று சாயங்காலத்துக்குள் எல்லாக் கிளினிக்குகளுக்கும் தகவல் போனது. விசாரணை வந்தது. மாற்றிய பாகம் கோளாறு என்று கண்டுபிடித்தார்கள். தம்பியைக் குளிர் அறையிலிருந்து எடுத்து வேறு பிரிவில் போட்டார்கள், வேலை தப்பியது. எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று மேலாளர் பிறகு கேட்டபோது, "ரெண்டும் பொய் சொல்லல சார்" என்று மட்டும் சொன்னாள். அவர் படம் போடுவதையே வாங்கினார்.

ஆனால் அதெல்லாம் பின்னால். அன்று தரையில் உட்கார்ந்தபடியே அவன் மனைவிக்குப் போன் செய்தான். அவளுடைய குரல் அக்காவுக்கும் கேட்டது.

"திரும்ப ஊசியா? ஏன்? போன வாரம்தானே போட்டோம்?"

"அது... அது போட்ட மாதிரி இல்லம்மா."

"போட்ட மாதிரி இல்லன்னா? ராத்திரியெல்லாம் காய்ச்சல்ல அழுதாளே, அப்ப அது என்னது?"

அவன் போனை அக்காவிடம் நீட்டினான். அவள் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல், "நான்தான்மா பேசறேன்" என்றாள்.