ஒன்றா, இரண்டா?

ரோஜாச் சந்தின் வாட்ஸ்அப் குழுவில் அறுபத்து மூன்று பேர். அதை நடத்துகிறவள் வினார்சி. சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு. பெக்கலோங்கான் நகரின் வடக்கு ஓரத்தில், கடலை ஒட்டி இருக்கிற சந்து அது. கடல் பொங்கினால் தண்ணீர் சாக்கடை வழியாக வீட்டுக்குள் வந்துவிடும். மதகுக்குப் பக்கத்து வீட்டில் இருக்கும் கிழவர் சுகெண்டார்தான் முதலில் பார்ப்பார். உடனே குழுவில் சொல்வார். மற்றவர்கள் அரிசியையும் மெத்தையையும் தூக்கி மேலே வைப்பார்கள். குழு இருப்பதே அதற்காகத்தான். மீதி நேரமெல்லாம் பூனையைக் காணோம், என் வாசலில் குப்பை போட்டது யார் என்று ஓடும்.

ஜூலை தொடக்கத்தில் தெம்பே என்னும் சோயா வில்லையைப் பொரித்து விற்கும் துமினி சண்டைக்கு வந்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. எண்கள் தெரியும், அவ்வளவுதான்.

"ஏன்டி வினார், நீங்கல்லாம் டொக்கு டொக்குனு தட்டிக்கிட்டே இருக்கீங்க, நான் போனை வெறிச்சுப் பாத்துட்டு உக்காந்திருக்கேன். போன தடவை தண்ணி வந்தது என் கால் நனைஞ்சப்புறம்தான் எனக்குத் தெரியும். இந்தச் சந்துல நான் ஒரு ஆளா, இல்ல விளக்குக் கம்பமா?"

வினார்சிக்குச் சுருக்கென்றது. துமினியைப் போல எழுத்து தெரியாதவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். சுகெண்டாருக்கோ கண்ணில் புரை. ஒவ்வொரு எழுத்தாய்த் தேடி அவர் தட்டி முடிப்பதற்குள் கடல் வந்து போய்விடும். இனிமேல் எல்லாரும் பேசி அனுப்பினால் என்ன என்று வினார்சி யோசித்தாள். தானாக முடிவு செய்தால் நாளைக்குப் பேச்சு வரும். ஆகவே ஓட்டு வைத்தாள்.

எழுத்து தெரியாதவர்களும் ஓட்டுப் போட வேண்டும் அல்லவா? அதனால் ஓட்டில் வார்த்தையே போடவில்லை. ஒன்று, இரண்டு என்று இரண்டு எண்கள் மட்டும். எது எதற்கு என்பதைத் தன் வாயாலேயே சொல்லி அனுப்பினாள். நாற்பத்தெட்டுப் பேர் ஒன்றை அழுத்தினார்கள். ஒன்பது பேர் இரண்டு. மீதிப் பேருக்கு வேறு வேலை. ஒன்று என்றால் குரல். எழுத்து தோற்றது. துமினி பெரிய இலை நிறையத் தெம்பே கொண்டுவந்து கொடுத்தாள். வினார்சிக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை.

ஒன்றை அழுத்தியவர்களில் குனாடியும் ஒருவர். சந்தின் நடுவீட்டில் இருக்கும் தையல்காரர். பதினெட்டு வயதில் வந்த காய்ச்சல் இரண்டு காதையும் கொண்டுபோய்விட்டது. ஆனால் பேச்சு போகவில்லை. தன் குரல் தனக்கே கேட்காததால் கத்திக் கத்திப் பேசுவார். எதிரே நின்று மெதுவாகப் பேசினால் வாயைப் பார்த்துப் பாதி புரிந்துகொள்வார். இவ்வளவு பேசுகிற மனிதருக்குக் காது கேட்காது என்பது ஊருக்குச் சுலபமாக மறந்துபோகும். மறந்துதான் போயிற்று.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம் கடல் ஏறியது. சுகெண்டார் தெளிவாகத்தான் சொன்னார்: "எல்லாரும் கேளுங்க, இன்னும் அரை மணியில சந்துக்குள்ள வந்துரும், சாமானை ஏத்துங்க." அறுபது வீட்டில் கட்டில் நகர்ந்தது. குனாடி தெருவுக்கு முதுகைக் காட்டியபடி இயந்திரத்தை மிதித்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. நாற்பத்திரண்டு பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகள் வெட்டித் தரையில் அடுக்கியிருந்தன. பாதம் ஜில்லென்றதும்தான் குனிந்து பார்த்தார். அதற்குள் அடுக்கில் பாதி கறுத்துவிட்டது.

மறுநாள் காலை அவர் குழுவில் எழுதினார். "நான்கு வருடமாக இந்தக் குழுவில் இருக்கிறேன். நேற்றுத் தண்ணீர் வருவதை ஏன் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை? எனக்குச் சொல்லாத குழுவில் எனக்கு என்ன வேலை? சாயங்காலம் விலகிக்கொள்கிறேன்."

சந்து பதறித்தான் போனது. ஆறுதல் சொல்லிப் பதினொரு பேர் பதில் அனுப்பினார்கள். பதினொன்றும் குரல்! துமினி அழுதே விட்டாள், அதையும் பேசி அனுப்பினாள். சுகெண்டாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டது. "நான் சொன்னேனேய்யா, தொண்டை கிழியச் சொன்னேனே!" என்று இரண்டு நிமிடம் பேசினார்.

கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான் ஓட்டுப் பட்டியலைப் படம் பிடித்துப் போட்டு, குனாடியின் பெயரைச் சுற்றிச் சிவப்பு வட்டம் வரைந்து, ஐயா என்பதற்கு அங்கே சொல்லும் 'பாக்'கையும் மறக்காமல் சேர்த்து, கீழே எழுதினான்: "குரல்தான் வேணும்னு நீங்களே ஓட்டுப் போட்டிருக்கீங்க பாக்."

குனாடி பதில் எழுதினார். "அது குரலுக்கா? எல்லாரும் ஒன்றை அழுத்தினார்கள், நானும் அழுத்தினேன். சுதந்திர தின விருந்துக்கு ஆடா கோழியா என்று கேட்கிறீர்கள் என நினைத்தேன். எனக்கு ஆட்டுக்கறி பிடிக்கும்."

வினார்சி போனைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு எடுத்து, பத்து நாளைக்கு முன் தான் அனுப்பிய பேச்சைப் போட்டுக் கேட்டாள். முழுதாய்க் கேட்கத் தெம்பில்லை, ஆனாலும் கேட்டாள். நல்ல கணீரென்ற குரல், பாராட்டத்தான் வேண்டும். கேட்டு முடித்ததும் எழுந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டு குனாடி வீட்டுக்கு நடந்தாள்.

குனாடி வாசலில் வாளியை வைத்துச் சட்டைத் துணிகளை அலசிக்கொண்டிருந்தார். கறுப்பு இளகியிருந்தது, போகவில்லை. எதிர்ச்சாரியில் துமினியின் எண்ணெய்ச் சட்டி கொதித்தது.

வினார்சி அவர் முன்னால் குந்தி, வாய் தெரிகிற மாதிரி மெதுவாகப் பேசினாள். "பாக், குழுவை விட்டுப் போகாதீங்க. இனிமே பேசி அனுப்புறவங்க கீழ எழுதணும், எழுதுறவங்க பேசவும் செய்யணும். தெரியாதவங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரங்க செஞ்சு குடுக்கணும். இது என் உத்தரவு. இதுக்கு ஓட்டுக் கீட்டெல்லாம் கிடையாது."

"சுகெண்டாருக்கு யாரு எழுதுவா?" என்று குனாடி கத்தினார்.

"நான் எழுதுறேன்."

"நீ சந்தைக்குப் போயிருந்தா?"

"அவர் மருமக எழுதுவா. அவளும் இல்லாட்டி துமினி ஓடி வந்து உங்க முதுகுல ரெண்டு போடுவா."

அவர் சிரிக்கவில்லை. துணியைப் பிழிந்து உதறினார். "பள்ளிக்கூடத்துக்காரங்க வேற ஆளைப் பாத்துக்கிட்டாங்க. காலையிலயே வந்து சொல்லிட்டுப் போயிட்டாங்க." கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்து, ஓட்டுக்கு மேலே இருந்த அவளுடைய குரல் பதிவைக் காட்டினார். ஒன்றரை நிமிடம். "இதுல நீ என்ன சொன்னே? அதை மட்டும் சொல்லு. அப்புறம் இருக்கிறதா போறதான்னு பாக்கிறேன்."

வினார்சி சொன்னாள். ஒன்று குரல், இரண்டு எழுத்து என்று விரல் காட்டிச் சொன்னாள். அவர் தலையாட்டினார். கடைசி வாக்கியம் வந்ததும் அவளுக்கு நாக்கு தடுமாறியது.

"என்ன? கடைசியில என்ன? வாயை மென்னா எப்படித் தெரியும்?"

மறுபடி சொன்னாள். அவருக்குப் பிடிபடவில்லை. அளவு எழுதும் நோட்டையும் பென்சிலையும் அவள் கையில் திணித்தார். இடுப்பளவு, கையளவுகளுக்குக் கீழே வினார்சி எழுதினாள். இவ்வளவு அவமானமாக அவள் எதையும் எழுதியதில்லை.

குனாடி நோட்டை எட்டப் பிடித்துக்கொண்டு, தன் வழக்கமான குரலில், சந்து முழுக்கக் கேட்கும்படி, ஒவ்வொரு சொல்லாய்ப் படித்தார்:

"நம்ம சந்துல... ஒருத்தர்கூட... விட்டுப்போகக் கூடாதுன்னுதான்... இந்த ஓட்டு!"

மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மதகுப் பக்கமிருந்து சுகெண்டார் எழுந்து நின்றார். துமினி கரண்டியோடு ஓடி வந்தாள்.

"என்னடி ஆச்சு? எதுக்கு இந்த மனுஷன் இப்படிக் கத்துறாரு?"

"ஒண்ணுமில்ல. நான் அன்னைக்குச் சொன்னது இப்பத்தான் அவருக்குக் கேட்டுது" என்றாள் வினார்சி.