வீரனுக்குப் போடாத முடிச்சு

மணப்பெண் வேஷத்தில் உட்கார்ந்திருந்த செங்கொடியின் பிடரியில் மஞ்சள் கயிற்றின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு நின்றேன். வீரன் வேஷத்தில் இருந்த என் தம்பி வெற்றி முதல் முடிச்சைப் போட்டுவிட்டுக் கையை எடுத்திருந்தான். இரண்டாவது, வீரனின் அக்காள் போட வேண்டியது. அதை நான் போட்டாயிற்று. இனி சங்கு ஊதும், நான் கயிற்றை விட்டுவிட வேண்டும். எண்ணூரை ஒட்டிய எங்கள் குப்பத்தில் அலைமுத்து வீரன் கல்யாணம் வருடா வருடம் இரண்டு முடிச்சோடு நின்றுவிடும்.

வீரனுக்கும் சொக்கம்மாளுக்கும் தாலி ஏறிக்கொண்டிருந்தபோது புயல் வந்ததாம். இரண்டாவது முடிச்சு விழுந்ததும் சங்குச் சத்தம் கேட்டு, கடலில் மாட்டிக்கொண்டவர்களைக் காப்பாற்ற எழுந்து ஓடினானாம். மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் கரை சேர்ந்தார்கள், அவன் மட்டும் வரவில்லை. பாதிக் கல்யாணத்தோடு சொக்கம்மாள் இன்னும் காத்திருக்கிறாள், அவள் காத்திருப்பதால்தான் எங்கள் படகுகள் திரும்பி வருகின்றன என்பது நம்பிக்கை. மூன்றாவது முடிச்சு விழுந்தால் அவள் பெண்டாட்டி ஆகிவிடுவாள். ஆன கையோடு தாலி அறுத்தவளும் ஆகிவிடுவாள். அப்புறம் யாருக்காகக் காத்திருப்பாள்? அதனால் வேஷம் கட்டியவன் சங்கு கேட்டதும் எழுந்து படகேறி, திரும்பிப் பார்க்காமல் முகத்துவாரம் தாண்டிப் போய்வர வேண்டும். படகு மறைந்ததும் கோயிலில் விளக்கேற்றும் பவுனம்மாள் கயிற்றை அவிழ்த்துக் கடலில் விடுவாள்.

எனக்கு இந்த வீரன்மேல் என்றைக்கும் மரியாதை இருந்ததில்லை. ஊரைக் காப்பாற்றத் தெரிந்தவனுக்கு இன்னொரு முடிச்சு விழும்வரை பொறுக்கத் தெரியவில்லை. வெற்றி கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைத்திருக்கும் காமிக்ஸ் புத்தகங்களிலும் இதே பிழைப்புதான். முகமூடிக்காரன் ஒருவனுக்குக் காதலி உண்டு, ஆனால் அவன் முகம் எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. பறக்கிறவன் ஒருவன், விழப்போன காதலியைப் பிடித்து மொட்டைமாடியில் இறக்கிவிட்டு, அடுத்த பக்கத்தில் வேறு யாரையோ பிடிக்கப் போய்விடுவான். ஒருத்தனாவது அவளோடு உட்கார்ந்து ஒருவேளைச் சோறு தின்றதாகப் படம் இல்லை. கடலரிப்பைத் தடுக்கக் கொட்டியிருக்கும் தூண்டில் வளைவுக் கற்களில் உட்கார்ந்து இந்தக் கதைகளைச் சொல்லித்தான் தம்பி செங்கொடியை மயக்கினான். அவளும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள்.

அவள் அப்பா பக்தவச்சலம், காசிமேட்டில் சொந்தமாக விசைப்படகு வைத்திருப்பவனுக்கு அவளைப் பேசி முடித்துவிட்டார். ஆவணியில் கல்யாணம். திருவிழாவில் சொக்கம்மாளாக உட்கார அவள் பேருக்குச் சீட்டு விழுந்தது அதற்கு முன்பே. உட்கார்ந்தால் நல்ல வாழ்க்கை அமையும் என்று அவரும் விட்டுவிட்டார். போய்ப் பேசுடா என்று தம்பியிடம் தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

"இன்னான்னு பேசறது? அவனுக்கு சொந்தமா போட்டு கீது. நான் காட்டுப்பள்ளி ஆர்பர்ல காண்ட்ராக்ட்ல கீறேன். எனக்கு இன்னா கீதுன்னு கேப்பாரு."

"மூணு வருசமா வீரன் வேசம் கட்டிக்கினு கீற. ஒரு நாளு அவங்க வூட்டு வாசப்படி ஏற முடியலயா?" என்றேன்.

அவன் கட்டிலுக்கு அடியில் கையைவிட்டு ஒரு புத்தகத்தை உருவினான். அதை வாங்கிக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும்.

நேற்று தண்ணி லாரி வந்தபோது செங்கொடி என் பக்கத்தில் குடத்தோடு வந்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது. லாரிச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்காது என்று தெரிந்துதான் பேசினாள்.

"அக்கா, அது வாயத் தொறக்காது. மூணாவது முடிச்ச நீயே போட்டுடு. அப்பால எவன் வந்து என்ன கட்டிக்குவான்னு பாக்கறேன்."

பைத்தியமா உனக்கு என்று திட்டினேன். அவள் அழவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். குடம் நிரம்பி எங்கள் காலெல்லாம் நனைந்தது.

இப்போது பக்தவச்சலம் சங்கை வாயருகே தூக்கினார். வீரன் கல்யாணத்துக்குச் சங்கு ஊதுவது அவர் குடும்பத்து உரிமை. ஊர் முழுக்க அவரையே பார்த்தது. செங்கொடியின் கழுத்து என் விரல்களுக்குக் கீழே உதறிக்கொண்டிருந்தது. நான் சாமிக்குப் பயந்தவள். ஆனாலும் அந்த உதறலைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்க என்னால் முடியவில்லை. முடிச்சைப் போட்டு இறுக்கினேன்.

பக்கத்திலேயே இருந்த வெற்றி அதைப் பார்த்துவிட்டான். மை தீட்டிய கண்ணால் கயிற்றைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கடைசியில் அவளைப் பார்த்தான். அவள் உதடு அசைந்தது. இரு என்றுதான் சொல்லியிருப்பாள். சங்கு ஊதியது. இந்த ஒருதரம் உட்கார்ந்திருடா என்று மனசுக்குள் கத்தினேன்.

அவன் எழுந்து ஓடினான்.

ஜனம் 'வீரா வீரா' என்று கூவிக்கொண்டு கரைவரை துரத்திப் போனது. படகு தண்ணீரில் இறங்கி, இன்ஜின் சத்தத்தோடு முகத்துவாரத்தைப் பார்த்துப் போனது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. முடிச்சு விழுந்தால் சொக்கம்மாள் தாலி அறுப்பாள் என்றால், கடலில் போகிறவன் யார்? என் தம்பிதானே. கோழை என்று நேற்றுவரை திட்டினேன், இன்றைக்கு அவனை நானே அனுப்பிவிட்டேனோ. செங்கொடியும் அதையே நினைத்திருப்பாள். தாலியில் கோத்த மஞ்சள் கிழங்கைக் கைக்குள் பொத்திக்கொண்டு கடலையே பார்த்தாள்.

பவுனம்மாள் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"கைய எடும்மா நர்மதா. போட்டு மறைஞ்சதும் அவுக்கணும்."

நான் எடுக்கவில்லை. செங்கொடியின் பிடரியை உள்ளங்கையால் மூடிக்கொண்டேன். ஈரக் கயிற்றில் மூன்று முடிச்சும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கையில் உறுத்தின.

முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் முன்னால் இன்ஜின் சத்தம் நின்றது. மூன்று வருஷத்தில் அவன் அங்கே நிறுத்தியதே இல்லை. படகு அங்கேயே மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளுக்கு நேர் கீழே, சரிகை அங்கவஸ்திரத்தோடு அவன் முதுகு மட்டும் தெரிந்தது.

"இன்னும் மறையலயே," என்றாள் பவுனம்மாள்.

செங்கொடி மண்ணில் கையூன்றி எழுந்தாள். கையை எடுக்காமல் நானும் அவளோடு எழுந்தேன்.